மூன்றாவது கியர் போட்டதும் வண்டி திணறுகிறது, கிளட்ச் போய்விட்டதா?

பொள்ளாச்சி ரோடு:
கார் 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். ஓடியது 82,000 கி.மீ. கொஞ்ச நாளாக இரண்டிலிருந்து மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே இழுப்பதில்லை, ஒரு நொடி திணறி, ரெண்டு உதறு உதறிவிட்டு அப்புறம்தான் பிக்கப் எடுக்கிறது. ஏசி போட்டால் இன்னும் மோசம், மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே கொல்கிறார்கள். ஐடிலில் நிற்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. வழக்கமாக விடும் ஒர்க்ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிளட்ச் செட் மாற்றிவிடலாம் என்கிறார்கள். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை. மாற்றலாமா?

மதுரை ஸ்பேனர்:
அவசரப்படாதீங்க. கிளட்ச் ஸ்லிப் ஆனால், அதாவது பிடிக்காமல் வழுக்கினால், ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) சர்ரென்று ஏறும், வேகம் ஏறாது, மேட்டில் கருகல் வாடையும் வரும். உங்களுக்குத் திணறும்போது முள் ஏறுகிறதா, அப்படியே படுத்துக் கிடக்கிறதா? அதைச் சொல்லாமல் யாரும் தீர்ப்பு எழுத முடியாது. சமதளத்தில், முன்னால் ஆள் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, நாலாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒர்க்ஷாப்காரர் சொன்னது சரி. சும்மா சும்மா செய்து பார்க்காதீங்க, நல்ல கிளட்ச் பிளேட்டும் கருகிவிடும்.

நிதானம்:
20 கி.மீ. வேகத்திலேயே மூன்றாவது போடுகிறீர்களா? டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவையே கிடையாது. மைலேஜுக்காகச் சீக்கிரம் மேல் கியர் போடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் புகார் உண்டு.

பொள்ளாச்சி ரோடு:
முள் ஏறவில்லை, படுத்துக்கொள்கிறது. கிளட்ச் டெஸ்ட் செய்தேன், பட்டென்று அணைந்துவிட்டது. 30-க்கு மேல்தான் மூன்றாவது போடுகிறேன், வருடக்கணக்காக இப்படித்தான் ஓட்டுகிறேன், இப்போதுதான் இந்தத் தொல்லை. ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றியது என்று தெரியாது, வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

மதுரை ஸ்பேனர்:
அப்படியென்றால் கிளட்சை விட்டுவிடுங்கள், எனக்குச் சந்தேகம் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், அதற்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் மேல்தான். மேல் கியர் போட்டதும் ஆர்பிஎம் இறங்குகிறது, அந்த நேரம் பார்த்து நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள், சிலிண்டருக்குள் காற்று நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கோ சோர்ந்துபோன காயிலோ அங்கேதான் கோட்டை விடும். ஐடிலில் சுமை இல்லை, அதனால் ஒன்றும் தெரியாது. ஏசி போட்டால் மோசமாவதும் இதோடு பொருந்துகிறது. காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் யாரிடமாவது வாங்கிச் செருகிப் பாருங்கள். இன்ஜின் லைட் எரியாவிட்டாலும் நிலுவையில் பிழைக் குறியீடு இருக்கலாம்.

ஏற்காடு வளைவு:
இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியையும் கழற்றிப் பாருங்கள், கரி படிந்தாலும் மிதித்ததும் இப்படித் தயங்கும். ஏர் ஃபில்டர் சொல்லவே வேண்டாம்.

பொள்ளாச்சி ரோடு:
பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஸ்கேனர் இருந்தது. பி0302 என்று காட்டுகிறது.

மதுரை ஸ்பேனர்:
இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. இன்னும் ஒன்றும் வாங்காதீங்க. உங்கள் இன்ஜினில் பிளக்குக்கு ஒரு காயில் இருந்தால், இன்ஜின் ஆறியதும் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு அதே மேட்டில் ஓட்டுங்கள். பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0302-ஆகவே நின்றால் பிளக், அதுவும் இல்லையென்றால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்.

பொள்ளாச்சி ரோடு:
மாறிவிட்டது அண்ணே, பி0303! ஒரு காயில் மட்டும் வாங்கினால் போதுமா?

மதுரை ஸ்பேனர்:
காயில் ஒன்று போதும், பிளக் நாலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிளக்கோடு ஓடினால் புதுக் காயிலுக்கும் அதே கதிதான். மேனுவலில் போட்டிருக்கும் நம்பர் பிளக்கே வாங்குங்கள். அதுவரை மேட்டில் அழுத்தி மிதிக்காதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு நாலைந்து கிளட்ச் செட் வாங்கலாம். இன்ஜின் லைட் மினுக்கி மினுக்கி எரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.