சப்நெட் மாஸ்க்: ‘முகமூடி’ வேண்டாம், வேறென்ன?

கோவையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் நெட்வொர்க் பார்க்கிற பசங்களுக்கான கையேட்டில், ஐபி முகவரி (வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) பற்றிய பகுதி மட்டும் சொல் அமையாமல் நிற்கிறது. வரைவில் சப்நெட்டுக்கு (ஒரு வலையின் முகவரிகளைப் பிரித்த சிறு பகுதி) ‘துணைவலை’, சப்நெட் மாஸ்க்குக்கு (அந்தப் பகுதியின் எல்லையைச் சொல்லும் எண்) ‘துணைவலை முகமூடி’, செக்மெண்ட்டுக்கும் ‘துணைவலை’யே என்று இருக்கிறது. மூன்றுமே மாற வேண்டும் என்பது என் எண்ணம்.

‘துணை’ என்றதும் மாற்று ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. முதல் வலை படுத்துவிட்டால் கைகொடுப்பது துணைவலை என்றுதான் புதியவர் நினைப்பார். ‘முகமூடி’ அதைவிட மோசம். மாஸ்க் யார் முகத்தையும் மறைப்பதில்லை. 192.168.10.77 என்ற முகவரிக்கு 255.255.255.192 என்று மாஸ்க் கொடுத்தால் நடப்பது இவ்வளவுதான் (255 உள்ள மூன்று இடங்களிலும் எண் மாறாது, கடைசி எண்ணை மட்டும் 0, 1 என்ற பிட்களாக எழுதிப் பார்க்கிறோம்):

77 = 01001101
192 = 11000000
இரண்டிலும் 1 உள்ள இடம் மட்டும் 1 = 01000000, அதாவது 64

மாஸ்க்கில் 1 உள்ள இடத்தில் முகவரியின் பிட் அப்படியே நிற்கிறது, 0 உள்ள இடத்தில் அழிகிறது. மிஞ்சிய 192.168.10.64 தான் அந்தக் கணினி இருக்கும் சப்நெட். 64 முதல் 127 வரை அதன் எல்லை. 64 சப்நெட்டின் பெயராகவும் 127 பிராட்காஸ்ட்டாகவும் (எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்பும் முகவரி) போய்விட, 65 முதல் 126 வரை 62 முகவரிகளைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம். வைக்கிற சொல்லைக் கேட்டதும் இந்த வேலை மனசில் வர வேண்டும்.

கோபியிலிருந்து:

நம்ம ஊர்ச் சொல் இருக்கும்போது எதற்குங்க இவ்வளவு யோசனை? சப்நெட்டுக்குப் ‘பாத்தி’, மாஸ்க்குக்கு ‘வரப்பு’. ஒரு பாத்தித் தண்ணி அடுத்த பாத்திக்குப் போகணும்னா மடையைத் திறக்கணும், அந்த மடைதான் கேட்வே, வேற வலைக்குப் போற வாசல். படிக்காதவங்களுக்கும் புரியும்.

கோவையிலிருந்து:

> மாஸ்க்குக்கு ‘வரப்பு’

கேட்க நன்றாக இருக்கிறதுங்க, ஆனால் இரண்டு இடத்தில் வழுக்குகிறது. வரப்பை நினைத்த இடத்தில் போடலாம். சப்நெட்டின் அளவு 4, 8, 16, 32, 64, 128 என்று இரட்டித்துத்தான் போகும். தொடங்கும் இடமும் அந்த அளவின் மடங்காகவே இருக்க வேண்டும். 64 முகவரி கொண்ட சப்நெட் 0, 64, 128, 192 இல் தொடங்கலாம், 32 இல் தொடங்க முடியாது. யாராவது 192.168.10.32 உடன் 255.255.255.192 போட்டால் கருவி மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அது தன்னை 0–63 க்குள் இருப்பதாகவே கணக்கிடும்.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். வரப்பு நிலத்தில் இருக்கிறது, இரு பக்கத்துக்காரருக்கும் அது ஒன்றே. மாஸ்க் கேபிளிலும் இல்லை, கேபிள்களை இணைக்கும் சுவிட்சிலும் இல்லை, அனுப்பும் தரவுப் பாக்கெட்டிலும் போவதில்லை. ஒவ்வொரு கருவியும் தனக்குள் எழுதி வைத்திருக்கும் எண் அது. ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் வெவ்வேறு எல்லையை நம்பிக்கொண்டிருக்க முடியும். வருகிற புகார்களில் பாதி இதனால்தான். ‘வரப்பு’ என்று சொன்னால் இந்தக் கோளாறே விளங்காது.

திருப்பூரிலிருந்து:

அதற்கு உதாரணம் தருகிறேன், சொல் தேட உதவும்.

கணினி 192.168.10.20. மாஸ்க் 255.255.255.0 என்று போட வேண்டியதை 255.255.0.0 என்று போட்டாயிற்று. இன்டர்நெட் ஓடும், மெயில் போகும், யாருக்கும் சந்தேகம் வராது. 192.168.20.5 இல் உள்ள தையல் பிரிவு பிரிண்டர் மட்டும் கிடைக்காது. 192.168 என்று தொடங்குவதெல்லாம் தன் பக்கத்திலேயே இருப்பதாகக் கணினி நினைத்து, கேட்வேயாக இருக்கும் ரவுட்டரிடம் கொடுக்காமல் நேராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸில் பிங் (ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால், போய்ச் சேர முடியவில்லை என்ற பதில் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வரும். அதைப் பார்த்ததும் மாஸ்க்கைத் திறந்து பாருங்கள். சில ரவுட்டர்கள் பிராக்ஸி ஏஆர்பி என்ற வசதி மூலம் அந்தப் பிரிண்டருக்காகத் தாமே பதில் சொல்லிவிடும். அப்போது தவறு மறைந்திருந்து, ரவுட்டரை மாற்றும் அன்றைக்கு வெளியே வரும்.

தலைகீழாகவும் நடக்கும். கணினி 192.168.10.200, கேட்வே 192.168.10.1, மாஸ்க் 255.255.255.128. கணினியின் எல்லை 128–255, கேட்வே அதற்கு வெளியே. இதில் இன்டர்நெட்டே போய்விடும் என்பதால் சீக்கிரம் அகப்படும்.

எல்லாரும் விழும் குழி ஒன்று: 192.168.1.0 இல் முகவரி தீர்ந்துபோகிறது. ‘255.255.254.0 போட்டால் இரட்டிப்பாகும், இனி 1 உம் 2 உம் நமக்கு’ என்று கைரேகை மிஷின்களுக்கு 192.168.2.x கொடுத்துவிடுகிறார்கள். கிடைப்பது 1 உம் 2 உம் அல்ல, 0 உம் 1 உம். 192.168.0.0 முதல் 192.168.1.255 வரைதான் ஒரே எல்லை. பிராட்காஸ்ட் 192.168.1.255. நடுவில் உள்ள 192.168.0.255, 192.168.1.0 இரண்டும் அப்போது சாதாரண முகவரிகள். விதிப்படி கருவிக்குக் கொடுக்கலாம், ஆனால் பழைய மிஷின்கள் சில மறுக்கும், விட்டுவிடுவது நல்லது. மாற்றும்போது டிஹெச்சிபியில் (முகவரியைத் தானாகக் கொடுக்கும் ஏற்பாடு) வாங்கும் கணினிகள் தாமாகப் புதிய மாஸ்க்குக்கு வந்துவிடும். கையால் எழுதிய கேமரா, என்.வி.ஆர். (கேமராப் பதிவுப் பெட்டி), பிரிண்டர் எல்லாம் பழைய மாஸ்க்கிலேயே நிற்கும். அவற்றை முதலில் பட்டியல் போட்டு மாற்றுங்கள்.

சொல்லைப் பொறுத்தவரை, மிஷின் திரையில் ‘சப்நெட் மாஸ்க்’ என்றுதான் வரும். அதையே வைத்தால் என்ன?

ஈரோட்டிலிருந்து:

திரையில் உள்ளதைத் தமிழ் எழுத்தில் முதல் தடவை கட்டாயம் தருவோம். அதன் பிறகு விளக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது ‘பகுப்பெண்’. ஆனால் பள்ளிக் கணக்கில் பகா எண், பகு எண் என்று ஏற்கெனவே இருக்கின்றன. பத்தாவது முடித்து வரும் பையன் 4, 6, 8 என்று ஆரம்பித்துவிடுவான். ‘வடிப்பெண்’ணும் ஆகாது, ஃபயர்வாலுக்கு வடிகட்டி என்கிறோம். ‘உள்வலை’ இன்ட்ராநெட்டோடு மோதும், ‘கிளைவலை’ கிளை அலுவலகத்தோடு.

என் பரிந்துரை: சப்நெட்டுக்கு ‘வலைக்கூறு’. மாஸ்க்குக்கு ‘கூறுகாட்டி’. திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் இதுவும் உட்காரும். முகவரி எந்தக் கூறைச் சேர்ந்தது என்று காட்டுகிறது, அவ்வளவே. மறைப்பதாகவோ தடுப்பதாகவோ சொல்லவில்லை. சப்நெட்டிங் ‘கூறிடுதல்’.

பொள்ளாச்சியிலிருந்து:

> எந்தக் கூறைச் சேர்ந்தது

சொல் பிடித்திருக்கிறதுங்க. ஆனால் ‘வலைக்கூறை மாற்று’ என்றால் கல்யாணக் கூறைப்புடவை ஞாபகம் வருகிறதே! ‘மூலக்கூறு’ போல ‘கூறின்’, ‘கூறில்’ என்று எழுதினால் தப்பிக்கலாம். இரண்டாம் வேற்றுமைக்குக் ‘கூறினை’.

செக்மெண்ட்டை மறந்துவிட வேண்டாம். அது வேறு, சப்நெட் வேறு. ஒருவர் பிராட்காஸ்ட் அனுப்பினால் எத்தனை கருவிகள் கேட்கின்றனவோ அந்த அளவுதான் செக்மெண்ட். அது சுவிட்ச், விலான் (ஒரு சுவிட்சையே தனித்தனி வலைகளாகப் பிரிப்பது) சம்பந்தப்பட்டது. வலைக்கூறு முகவரிக் கணக்கு. ஒரே சுவிட்சில் விலான் இல்லாமல் கேமராவுக்கு 192.168.20.x, ஆபீசுக்கு 192.168.10.x என்று கொடுத்துவிட்டுப் ‘பிரித்தாயிற்று’ என்கிறார்கள். கூறுதான் இரண்டு, செக்மெண்ட் ஒன்றே. கேமராவின் பிராட்காஸ்ட் ஆபீசு வரை வரும். ஆபீசில் ஒருவர் தன் கணினியில் 192.168.20.9 என்று எழுதிக்கொண்டால் கேமராவுக்குள் போய்விடலாம். செக்மெண்ட்டுக்கு ‘வலைத்துண்டு’ போதும்.

ஈரோட்டிலிருந்து:

ஒத்துக்கொள்கிறேன். 255.255.255.0, 255.255.255.192 என்பதற்குப் பதில் /24, /26 என்று எழுதுவதற்கும் ஒரு பெயர் வேண்டும். 1985 இல் வந்த ஆர்எஃப்சி 950 என்ற இணைய நெறி ஆவணம் மாஸ்க்கின் 1கள் அடுத்தடுத்து இருக்கப் பரிந்துரைத்ததே தவிர, கட்டாயமாக்கவில்லை. 1993 இல் சிஐடிஆர் என்ற முகவரி முறை வந்து, இடமிருந்து எத்தனை 1 என்று ஒரே எண்ணால் சொல்வது நிலைத்தது. ஐபிவி6 (புதிய, நீண்ட முகவரி முறை) இல் 255.255 வடிவமே கிடையாது, /64 என்று நீளம் மட்டும்தான். அதனால் அதைக் ‘கூறுநீளம்’ என்போம். சிஸ்கோ ரவுட்டரின் அணுகல் பட்டியலில் (யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்ற விதிகள்) வரும் 0.0.0.255 ‘எதிர்க் கூறுகாட்டி’, அதில் 0 உள்ள இடத்தைத்தான் பார்க்கும், 1 உள்ள இடத்தை விட்டுவிடும். அங்கே மறதியாக 255.255.255.0 எழுதினால் முதல் மூன்று எண்களையும் பார்க்காமல் விட்டு, கடைசி எண் 0 ஆக உள்ள முகவரிக்கு மட்டும் விதி பொருந்தும். அதாவது கிட்டத்தட்ட யாருக்கும் பொருந்தாது.

கோவையிலிருந்து:

கையேட்டுப் பத்தி ஒன்றில் புதுச் சொற்களைப் போட்டுப் பார்த்தேன்:

‘192.168.10.0/24 ஐக் கூறிடும்போது பெரிய கூறிலிருந்து தொடங்கவும். 100 கேமராவுக்குக் கூறுநீளம் 25, முகவரி 0–127. 50 கணினிக்கு 26, முகவரி 128–191. 25 பின்னல் மிஷினுக்கு 27, முகவரி 192–223. மீதி 224–255 வைஃபைக்கு. சிறியதை 0–31 இல் வைத்தால் அடுத்த /26 கூறு 64 இல்தான் தொடங்கும், நடுவில் 32–63 ஓட்டையாக நிற்கும். ஒவ்வொரு கூறையும் தனி வலைத்துண்டில் வைத்து, எல்லாக் கருவிகளிலும் கூறுகாட்டி ஒன்றுபோல் இருக்கிறதா என்று சரிபார்க்கவும்.’

‘கூறையும்’ என்று எழுதிவிட்டேன், பொள்ளாச்சிக்காரர் மன்னிக்க. ‘கூறினையும்’ என்று திருத்திவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து:

படிக்க ஓடுகிறதுங்க, ‘கூறுகாட்டி’ நிற்கும். பின்னல் மிஷின் வரியில் ஒரு திருத்தம் வேண்டும். /27 இல் 30 முகவரி, கேட்வேக்கு ஒன்று போனால் 29. 25 மிஷினுக்கு மேல் நாலுதான் மிச்சம், ஷெட் நீட்டினால் போதாது. அந்தப் பக்கத்தில் 192.168.10.0/24 க்குப் பதில் 10.10.0.0/22 (நான்கு /24 சேர்ந்தது) எடுத்து, பிரிவுக்கு ஒரு /24 என்று கொடுங்கள். இடம் தாராளம். வீட்டு மோடம் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 இல் வரும். வீட்டிலிருந்து விபிஎன் (ஆலை வலைக்கு இணையம் வழியே போடும் தனிச் சுரங்கம்) போடுகிறவருக்கு ஆலையும் அதே எண்ணில் இருந்தால் பாக்கெட் சுரங்கத்துக்குள் போகாது, 10.10 என்றால் அந்த மோதலும் அநேகமாக வராது.