ரோட்டரி சங்கக் குழு: சனிக்கிழமை கூட்டமும் பசங்களோட சைக்கிள் முகாமும்

செயலாளர்: சனிக்கிழமை கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் போடறேன். மொத்தம் 60 நிமிஷம், மூணே விஷயம்: சைக்கிள் பழுதுபார்ப்பு முகாம், அதோட செலவு, பசங்க பாதுகாப்பு. வேற ஏதாவது சேர்க்கணும்னா வியாழன் ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க. கூட்டத்துல எழுந்து கேட்டா அடுத்த கூட்டத்துக்குத்தான் போகும்.

தலைவர்: சிறப்புப் பேச்சு ஏதாவது உண்டா சார்?

செயலாளர்: இந்த வாரம் வேண்டாம் சார். பேச்சு 40 நிமிஷம் ஓடிட்டா முடிவெடுக்க நேரமே இருக்காது. மாசம் ரெண்டு கூட்டமாவது நடக்கணும்னு ரோட்டரி விதி. ஒண்ணைப் பேச்சுக்கும் ஒண்ணை வேலைக்கும் வெச்சுக்கலாம்.

இன்டராக்ட் பொறுப்பாளர்: தயவுசெஞ்சு முகாம் தேதியையும் யார் என்ன செய்யணும்ங்கறதையும் நாமளே முடிவு பண்ணிட்டு பசங்ககிட்ட அறிவிக்காதீங்க. இன்டராக்ட் 12 முதல் 18 வயசுக்காரங்களோட சங்கம். நிர்வாகிகளை அவங்களே தேர்ந்தெடுக்கறாங்க. 1962-ல ஃபுளோரிடாவுல ஒரு பள்ளிக்கூடத்துல முதல் சங்கம் தொடங்கினதுலேர்ந்து ரோட்டரி சங்கம் ஆதரவு தர்ற இடத்துலதான் இருக்கு. நாம எழுதிக் கொடுத்த திட்டத்துக்குப் பசங்க வருவாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க, அடுத்த தடவை வர மாட்டாங்க.

தலைவர்: அப்ப நாம எதைத்தான் முடிவு பண்றது மேடம்?

இன்டராக்ட் பொறுப்பாளர்: மூணு விஷயம் சார். எவ்வளவு பணம், எந்தப் பெரியவங்க கூட இருப்பாங்க, என்ன பாதுகாப்பு ஏற்பாடு. மிச்சம் பசங்களுடையது. இன்னொண்ணு, இன்டராக்ட் சங்கம் வருஷத்துக்கு ரெண்டு திட்டமாவது செய்யணும். ஒண்ணு பள்ளிக்கோ ஊருக்கோ உதவறது, இன்னொண்ணு வேற நாட்டு மக்களைப் புரிஞ்சுக்கறது. இந்த முகாம் முதல் வகை. ரெண்டாவதுக்கு இப்பவே யோசிக்கச் சொல்லியிருக்கேன், கடைசி மாசத்துல தேடினா கிடைக்காது.

பொருளாளர்: பணத்தைப் பத்தி நான் சொல்லிடறேன். பொதுமக்கள்கிட்ட முகாமுக்குன்னு வாங்கற நன்கொடை சேவைக் கணக்குல மட்டும்தான் ஏறும். அதுலேர்ந்து கூட்டத்து டீ, பேனர், மாலைன்னு ஒரு பைசா எடுக்கக் கூடாது. அதெல்லாம் சந்தாவுலேர்ந்து. முகாம்ல மிச்சம் வர்ற பஞ்சர் ஒட்டும், அதை ஒட்டற சொல்யூஷனும்கூட இருப்புப் பதிவேட்டுல ஏறணும்.

இன்டராக்ட் பொறுப்பாளர்: நன்றி சார். பசங்க கணக்கை அவங்க பொருளாளரே எழுதட்டும், நீங்க சரிபார்த்தா போதும்.

சைக்கிள் பயிற்சியாளர்: 20 பேர்னு வெச்சுக்கறேன். 4 பேருக்கு ஒரு சைக்கிள், ஆக 5 குழு. 4-க்கு மேல போனா ரெண்டு பேர் வேலை செய்வாங்க, மிச்சப் பேர் வேடிக்கை பார்ப்பாங்க. குழுவுக்கு டயரை நெம்பிக் கழட்டற லீவர் 2, கையில அடிக்கற பம்பு 1, தண்ணி பேசின் 1, உப்புத்தாள் ஒரு துண்டு, பால்பாயின்ட் பேனா, பழைய துணி, பஞ்சர் ஒட்டு 6, சொல்யூஷன் ஒரு டியூப். ஸ்பேனர் முன்கூட்டியே வாங்க வேண்டாம். வர்ற சைக்கிள்களோட நட்டு அளவை முதல்ல எடுத்துட்டு அதுக்கேத்த மாதிரி வாங்கலாம்.

செயலாளர்: ஒட்டு 6 எதுக்கு சார்? பஞ்சர் ஒண்ணுதானே?

சைக்கிள் பயிற்சியாளர்: ஒவ்வொருத்தரும் ஒரு தடவை ஒட்டணும்ல? நாலு பேருக்கு நாலு, தப்பாப் போனா ரெண்டு. தப்பு எங்க நடக்கும்னா சொல்யூஷன்லதான். தடவின உடனே ஒட்டை அழுத்திடுவாங்க. ஈரமா இருக்கும்போது ஒட்டினா பிடிக்காது, காத்தடிச்சதும் ஓரம் தூக்கிடும். பளபளப்பு போய் மங்கலாகற வரைக்கும், சுமார் 3 நிமிஷம், கையை வெக்காம காத்திருக்கணும். அதுக்கு முன்னாடி உப்புத்தாளால ஒட்டோட அளவைவிடக் கொஞ்சம் பெருசாத் தேய்ச்சு, தூசியைத் துடைச்சிருக்கணும்.

சைக்கிள் பயிற்சியாளர்: அதைவிட முக்கியம், ஓட்டை ஏன் விழுந்துச்சுன்னு பார்க்கறது. டியூப்பை வெளியே எடுக்கும்போதே வால்வு டயர்ல எந்த இடத்துல இருந்துச்சுன்னு டயர்ல பேனாவால கோடு போட்டுக்கணும். தண்ணியில குமிழி வர்ற இடத்தை வால்விலேர்ந்து அளந்தா, டயர்ல முள்ளு எங்கன்னு தெரிஞ்சிடும். முள்ளை எடுக்காம ஒட்டினா மறுநாளே அதே இடத்துல பஞ்சர். டயருக்குள்ள விரலை ஓட்டிப் பார்க்கக் கூடாது, துணியை ஓட்டினா அதுல மாட்டும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா காத்து குறைவா ஓட்டி ரிம் கடிச்சிருக்கு. டியூப்போட உள்பக்கம் ஓட்டைன்னா ரிம்முல ஸ்போக் தலையை மூடியிருக்கற பட்டை விலகி அந்தத் தலை குத்தியிருக்கு. இதைப் பசங்களே பார்த்துச் சொல்ற மாதிரி வெக்கணும்.

தலைவர்: பிரேக்கும் சொல்லித்தரலாமா?

சைக்கிள் பயிற்சியாளர்: சொல்லித்தரலாம் சார். கட்டை ரிம்முல மட்டும் படணும், டயரை உரசினா டயர் கிழியும். பிரேக்கை விட்டா கட்டைக்கும் ரிம்முக்கும் 2-3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். ஆனா பிரேக் தொட்ட வண்டி எதுவும் பெரியவங்க ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடாம வெளியே போகக் கூடாது.

இன்டராக்ட் பொறுப்பாளர்: பாதுகாப்புக்கு வர்றேன். எந்த நேரத்துலயும் ரெண்டு பெரியவங்களாவது, எல்லாரும் பார்க்கற இடத்துல. பசங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்பறது வேண்டாம், பெற்றோர் இருக்கற குழுவுல போடுங்க. அனுமதிக் கடிதத்துல போட்டோவுக்குத் தனியாச் சம்மதம் கேக்கணும். பசங்களைத் துன்புறுத்தினதாப் புகார் வந்தா நாம விசாரிக்கக் கூடாது. உடனே காவல்துறைக்குச் சொல்லணும், 72 மணி நேரத்துக்குள்ள ரோட்டரி இன்டர்நேஷனலுக்கும் தெரிவிக்கணும்.

செயலாளர்: நிகழ்ச்சி நிரல்ல இதை முதல்ல போடறேன் மேடம், கடைசியில வெச்சா எல்லாரும் கிளம்பற நேரத்துல அவசரமா முடியும். ஒவ்வொரு முடிவுக்கும் யார், எந்தத் தேதிக்குள்ளன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதி, அன்னிக்கு ராத்திரியே இங்க போட்டுடறேன்.

சைக்கிள் பயிற்சியாளர்: வீட்டுல பழைய டியூப் இருந்தா சனிக்கிழமை எடுத்துட்டு வாங்க, 10 வேணும். ஓட்டை இல்லாட்டியும் பரவாயில்ல, ஆணியால நானே போட்டுக்கறேன்.