ஜெர்மனி: புளூ கார்டு காலாவதியாகப் போகிறது, புதிய நகரத்தில் டெர்மின் (அலுவலகத்திற்கு நேரில் செல்ல முன்பதிவு நேரம்) கிடைக்கவில்லை. என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். ஜெர்மனியில் புளூ கார்டில் (தகுதிபெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி அட்டை) பணிபுரிகிறேன். நிறுவனம் என்னை வேறொரு நகரத்துக் கிளைக்கு மாற்றியதால் அண்மையில் குடிபெயர்ந்து, வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிப்படிவத்தைக் கொடுத்து, இரண்டு வாரக் கெடுவுக்குள் அன்மெல்டுங்கை (புதிய முகவரிப் பதிவு) முடித்துவிட்டேன். ஆனால் அட்டை அடுத்த மாதம் காலாவதியாகிறது. இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தை எந்த நேரத்தில் திறந்தாலும் டெர்மின் இல்லை என்ற ஒரே வாசகம்தான் வருகிறது. தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் மட்டுமே கிடைக்கிறது. பழைய நகரத்து அலுவலகமோ என் கோப்பை எப்போதோ அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது. புதிய அலுவலகம், கோப்பு வந்து சேரவில்லை, வரும்வரை எதுவும் செய்ய இயலாது என்கிறது.

வரி செலுத்துகிறேன், காப்பீடு கட்டுகிறேன், கேட்ட காகிதங்களையெல்லாம் கொடுக்கிறேன். இருந்தும் இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் காணாமற்போன ஒரு கோப்பினால் என் வேலையே கேள்விக்குறியாவது மிகுந்த மனவுளைச்சலைத் தருகிறது. காலாவதி நாளுக்குப் பிறகு நான் வேலை செய்யலாமா? தங்கையின் திருமணத்திற்காக ஊருக்குச் சென்று திரும்ப முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம். முதலில் டெர்மினைத் தேடுவதை ஒதுக்கி வைத்துவிட்டு, விண்ணப்பத்தை அனுப்புங்கள். இரண்டும் வேறு வேறு. குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவின்படி, அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவருடைய பழைய அனுமதி, அலுவலகம் முடிவெடுக்கும் வரை தொடர்வதாகவே கருதப்படும். அதாவது, நீங்கள் விண்ணப்பித்த நாள்தான் கணக்கில் வரும். அவர்கள் உங்களை எப்போது அழைக்கிறார்கள் என்பதும், கோப்பு எங்கே கிடக்கிறது என்பதும் உங்கள் உரிமையைக் குறைப்பதில்லை.

அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பப் படிவம் இருந்தால் அதிலேயே பதிந்து, வரும் ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், பிறந்த தேதி, இப்போதைய முகவரி, அட்டை எண், அது முடியும் நாள், நீட்டிப்புக் கோரும் ஒரு தெளிவான வாக்கியம். அதனுடன் கடவுச்சீட்டு, அட்டையின் இரு பக்கங்கள், பணி ஒப்பந்தம், அண்மைய சம்பளச் சீட்டுகள், காப்பீட்டுச் சான்று, அன்மெல்டுங் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெறும் மின்னஞ்சலை நம்பியிருக்க வேண்டாம்; போய்ச் சேர்ந்ததற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த நாட்டு அலுவலக நடைமுறையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. அதே கடிதத்தில் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் எனப்படும் இடைக்காலச் சான்றையும் கேளுங்கள். அதற்குக் கட்டணம் 13 யூரோ.

கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள். அதன் காலத்தைத் தாண்டி அனுமதி தரமாட்டார்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. பயணத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனெனில் பலர் அலைக்கழிக்கப்படுவது அங்கேதான். சான்று கைக்கு வருமுன் தயவுசெய்து நாட்டைவிட்டு வெளியேறாதீர்கள். உரிமை சட்டப்படி இருந்தாலும், விமான நிலையத்தில் அதைக் காட்ட உங்களிடம் காகிதம் இருக்காது. சான்று வந்ததும் அதில் எந்தப் பெட்டியில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அனுமதி தொடர்வதாகக் கருதப்படுகிறது என்ற, 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவைச் சுட்டும் பெட்டியில் குறி இருந்தால் வெளியே சென்று திரும்பலாம். 3ஆம் உட்பிரிவின் கீழ் தரப்படும் சான்றைக் கொண்டு மீண்டும் உள்ளே வர இயலாது. காலாவதியான அட்டையையும் கடவுச்சீட்டையும் சான்றுடன் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். இந்தக் காகிதத்தை அறியாத விமான நிறுவன ஊழியர்கள் உண்டு. ஆகவே இயன்றால் வேறு நாட்டில் மாறாத நேரடி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையையும் பெற்றுவிட்டேன். இன்னும் ஒரு கவலை: செல்லுபடியாகும் அட்டையின் நகல் இல்லாமல் என்னைப் பணியில் வைத்திருக்க முடியாது என்று மனிதவளத் துறை சொல்கிறது. சான்று வராமலே போனால் என்ன வழி?

மறுமொழி 1

மனிதவளத் துறையின் அச்சத்திற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டவரின் அனுமதியைச் சரிபார்த்து அதன் நகலைக் கோப்பில் வைத்திருக்கும் கடமையைச் சட்டம் முதலாளியின் மீது சுமத்தியிருக்கிறது. ஆகவே வாய்மொழியாக விளக்காமல், விண்ணப்பத்தின் நகல், தபால் ஒப்புகை, நான் குறிப்பிட்ட சட்டப் பிரிவு மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். பழைய அனுமதியின் வேலை உரிமையும் சேர்ந்தே தொடர்கிறது என்பதை அவர்களின் சட்ட ஆலோசகர் உடனே புரிந்துகொள்வார். நிறுவனமே தன் கடிதத்தாளில் அலுவலகத்திற்கு எழுதி, சான்றில்லாததால் பணி ஆபத்தில் உள்ளது என்று தெரிவித்தால் பல இடங்களில் காரியம் விரைவாகும்.

அதற்கும் பதில் வராவிட்டால் நிர்வாக நீதிமன்றம் இருக்கிறது. போதிய காரணமின்றி மூன்று மாதம் முடிவெடுக்காமல் இருக்கும் அலுவலகத்தின் மீது, நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வழக்குத் தொடுக்கலாம். வேலை பறிபோகும் நிலை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. 123ஆம் பிரிவின்கீழ் அவசர உத்தரவு கோரலாம். முதல் நிலையில் வழக்கறிஞர் கட்டாயமில்லை என்றாலும், வெளிநாட்டவர் சட்டத்தில் தேர்ந்த ஒருவர் எழுதும் கடிதமே சில நேரம் போதுமானதாகிவிடுகிறது. அரசு அலுவலகத்தின் மீது வழக்கா என்று நம்மவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அது பகையாகக் கருதப்படுவதில்லை. முதலில் எழுத்தில் ஒரு நினைவூட்டல் அனுப்பி, அதில் பதிலுக்கு ஒரு கெடுத் தேதியைக் குறிப்பிடுங்கள். அந்தக் கடிதம் பின்னர் நீதிமன்றத்திலும் பயன்படும்.