பழைய கேமரா லென்ஸுக்கு உதிரிபாகம் தேடி அலைந்தவர்கள் வரவும் (பதிவின் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்)

சுங்கை சிப்புட்

பழைய லென்ஸுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்காத ஆளில்லை. கடையில் கிடைக்காது. அதே இனத்தில் செத்த லென்ஸ் ஒன்றைப் பிடித்து, அதன் வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் அமைந்தது.

எங்கள் சித்தப்பா டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கல்யாணம், காதுகுத்து, தீமிதி எல்லாம் அவருடைய பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவில்தான். அதில் மாட்டியிருந்தது 55 மி.மீ. எஃப் 1.8 சூப்பர் டாக்குமார் லென்ஸ். போன தைப்பூசத்துக்கு எடுத்துப்போன இடத்தில் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டது. முன்வளையம் நசுங்கி, உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பெர்ச்சர் இதழ் ஆறில் ஒன்று மடங்கி, மற்ற ஐந்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரில் ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "பார்ட்ஸ் இல்லை" என்று நீட்டினார்கள். அதற்கும் கூலி வாங்கினார்கள்!

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. எஃப் 2 என்று எழுதிய 55 மி.மீ. டாக்குமாரும் ஒன்று உண்டு. கண்ணாடி அதேதான். உள்ளே ஒரு வளையத்தைப் போட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைத்து, விலை குறைந்த கேமராக்களோடு விற்றார்கள். எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறைவு; பெயரில் 2 என்று இருப்பதால் இன்றைக்கும் அதை யாரும் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. நமக்கு அதுதான் புதையல்.

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் அகப்பட்டது. பித்தளை விளக்குக்கும் பழைய கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு சீனப் பெரியவர் பிஸ்கட் டின் நிறைய லென்ஸ் கொட்டி வைத்திருந்தார். "செமுவா ரோசாக்" (எல்லாம் பழுது) என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். எஃப் 2 ஒன்றை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி. ஆனால் இதழ்கள் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்து, டக் டக்கென்று திறந்து மூடின. பக்கத்திலிருந்த நல்ல லென்ஸைக் காட்டினார். வேண்டாம், இதுவே போதும் என்றதும் மரை கழன்ற கேஸ் என்று நினைத்திருப்பார். பின்மூடியைச் சும்மாவே கொடுத்தார்.

வீட்டில் பிரிக்கப்போகிறவர்களுக்கு: ஜப்பான் லென்ஸில் இருப்பது ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பான் தரத் திருகு. பார்வைக்குப் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி போட்டால் வழுக்கித் தலையை அரித்துவிடும். ஃபோகஸ் மரையைக் கழற்றினால், அது எந்த இடத்தில் விலகுகிறதோ அங்கே ஊசியால் கோடு கிழித்து வையுங்கள். அந்த மரைக்குப் பல வாய், அதாவது ஏற்றத் தொடங்கும் இடங்கள், உண்டு. வேறு வாயில் ஏற்றினால் தூரத்துக் காட்சி தெளியாது. மடங்கிய இதழை மட்டும் தனியாக மாற்றுவது கண்ணைக் கெடுக்கும் வேலை. எஃப் 2வின் இதழ்க்கூட்டை அப்படியே தூக்கிச் சித்தப்பா லென்ஸில் வைத்தேன், பொருந்தியது.

முன்வளையத்துக்கு வேறு வழி. ஃபர்னிச்சர் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ரப்பர் மரத்தில் வட்டமாக ஒரு கட்டை கடைந்து தந்தார். அதை உள்ளே வைத்து வெளியிலிருந்து மெதுவாகத் தட்டி எடுத்தோம். அலுமினியம், ஒரேயடியாக நிமிர்த்தினால் விரிசல் விட்டுவிடும். இப்போது 49 மி.மீ. ஃபில்டர் மரையில் ஏறுகிறது. தழும்பு இருக்கிறது, இருக்கட்டும்.

பீடோர்

அண்ணே, என் கதை நேர்மாறு. பாகமே தேவையில்லாத லென்ஸுக்குப் பாகம் மாற்றச் சொன்னார்கள். 50 மி.மீ. எஃப் 1.4 சூப்பர் டாக்குமார், டீ நிறத்தில் மஞ்சளடித்திருந்தது. கடைக்காரர் பின்கண்ணாடியை மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று பெரிய தொகை சொன்னார். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருக்கிறது, நாளாக ஆக அதுவே மஞ்சளாகிவிடும், புற ஊதாக்கதிர் பட்டால் வெளுக்கும் என்று. அலுமினியத் தாளை அடியில் விரித்து ஜன்னலோரம் காலை வெயிலில் வைத்தேன். நம்மூரில் மத்தியானம் மழை பிடித்துக்கொள்கிறதே, காலை வெயில்தான் கணக்கு. சில வாரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. திரைச்சீலை, காகிதம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். லென்ஸ் வெயிலைக் குவித்தால் தீப்பிடிக்கும்.

தாப்பா

சின்னத் திருகு தொலைந்தவர்கள் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடமும் கேட்டுப் பாருங்கள். என் ஹீலியோஸ் 44-2 லென்ஸுக்கு ஒரு திருகு அப்படித்தான் அமைந்தது. ஒரு சந்தேகம்: இவ்வளவு பாடுபடுவதற்கு இன்னொரு 1.8 வாங்கிவிடலாமே? அதுவும் மலிவுதானே?

சுங்கை சிப்புட்

வாங்கலாம் தம்பி. சித்தப்பா லென்ஸ் ஆகாதே அது.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: எஸ்.எம்.சி. என்று எழுதிய பிற்காலத்து லென்ஸை இதற்கு எடுக்காதீர்கள். திறந்த அப்பெர்ச்சரிலேயே வெளிச்சம் அளப்பதற்காகப் பின்பக்கத்தில் கூடுதல் அமைப்பு இருக்கிறது. எல்லாம் அப்படியே மாறாது.

பீடோர்

அண்ணே, அந்த எஃப் 2வில் ஆட்டோ-மேனுவல் சுவிட்சு மிச்சம் இருக்கிறதா? என்னுடையது உடைந்து கிடக்கிறது.

சுங்கை சிப்புட்

இருக்கிறது. ஞாயிறு காலை ஈப்போ மெமரி லேன் சந்தைக்கு வருவேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லென்ஸையும் கொண்டு வாருங்கள், பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.