அவசரம்: அம்மா அப்பா ஷெங்கன் விசா, ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப் போடலாமா?

இசார்கரை | மாலை 5.40
அம்மா அப்பா ஷெங்கன் விசாவுல (ஐரோப்பாவுல பல நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா) ஜெர்மனியில முனிக் வந்திருக்காங்க. விசா ஆகஸ்ட் 23 வரைக்கும் இருக்கு. ரிட்டர்ன் டிக்கெட் ஆகஸ்ட் 8. பாப்பாவுக்கு 18ஆம் தேதி பிறந்தநாள், அதனால 20ஆம் தேதிக்கு மாத்தலாம்னு பாக்குறோம். ஏர்லைன்ஸ்ல காசு வாங்காம தேதி மாத்திக் குடுக்குற சலுகை இன்னிக்கு ராத்திரியோட முடியுது. ஆபீஸ்ல ஒருத்தர் "மாத்தாதே, ஏர்போர்ட்ல புடிச்சிருவான்"னு பயமுறுத்துறார். விசா இருக்கும்போது எதுக்குப் புடிக்கணும்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கறிவேப்பிலை | மாலை 5.48
எந்த நாட்டு பாஸ்போர்ட்? என்னிக்கு உள்ள வந்தாங்க? விசா ஸ்டிக்கர்ல தேதிக்குக் கீழ மூணு விஷயம் இருக்கும்: விசா வகை, எத்தனை தடவை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். அதை அப்படியே டைப் பண்ணுங்க. ஆகஸ்ட் 23ஐ மட்டும் வச்சு யாராலயும் பதில் சொல்ல முடியாது.

பெட்டிபடுக்கை | மாலை 5.55
23 வரைக்கும்னா 23 வரைக்கும்தான், இதுல என்ன குழப்பம்? ஐரோப்பிய ஆணையத்தோட இணையதளத்துல தங்குற நாளைக் கணக்குப் போடுற கருவி இருக்கு. வந்த தேதி, போற தேதி ரெண்டையும் போட்டுப் பாருங்க. 180 நாள்ல 90ஐத் தாண்டலன்னா கவலையே வேணாம். சலுகை போறதுக்குள்ள மாத்திடுங்க.

சுங்கச்சாவடி | மாலை 6.02
தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. அதைத் தொட யாருக்கும் கை வருவதில்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன்.

விசாவில் உள்ள இரண்டு தேதிகளும் வெளி வரம்பு. அந்த வரம்புக்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது தனி எண். ஒருமுறை நுழையும் விசாவில் கேட்ட நாள்களோடு 15 நாள் கூடுதலாகச் சேர்த்து முடிவுத் தேதி போடுவார்கள். பயணத் தேதி முன்பின் ஆனால் உதவட்டும் என்பதற்கான சலுகை அது. கூடுதலாகத் தங்குவதற்கு அல்ல. உள்ளே வந்த நாளும் வெளியேறும் நாளும் முழு நாளாகவே கணக்கில் சேரும்.

பெட்டிபடுக்கை சொல்லும் கருவிக்கு உங்கள் விசாவில் எழுதிய எண் தெரியாது. அது எந்த 180 நாளிலும் 90 நாள்தான் என்ற 90/180 விதியை மட்டும் பார்க்கும். 30 நாள் விசாக்காரர் 70 நாள் இருந்தாலும் சரி என்றே காட்டும்.

பெட்டிபடுக்கை | மாலை 6.09
எல்லாரையும் இப்படிப் பயமுறுத்தியே பழக்கமாயிடுச்சு உங்களுக்கு. அவங்க விசா 90 நாளா இருந்தா?

கறிவேப்பிலை | மாலை 6.11
அதைத்தான் கேட்டிருக்கோம். இசார்கரை, அந்த ஸ்டிக்கரைப் பாருங்க.

லிம்மாத் | மாலை 6.20
இன்சூரன்சையும் ஒருக்கா பாருங்கோ. குறைஞ்சது 30,000 யூரோவுக்குக் காப்பு இருக்கோணும், தங்குற நாள் முழுக்க இருக்கோணும். டிக்கெட்டைத் தள்ளினால் பாலிசி தானாகத் தள்ளுப்படாது. முடியிறதுக்கு முதலே கேட்டு நீடிக்க வேணும், முடிஞ்ச பிறகு கேட்டால் கன கொம்பனி மறுக்கும். வயசான ஆக்களுக்கு ஏற்கெனவே இருக்கிற பிரஷர், சுகர் எல்லாம் காப்புக்குள்ள வருதோ எண்டதையும் வாசியுங்கோ.

இசார்கரை | மாலை 6.31
ரெண்டு பேரும் இந்தியன் பாஸ்போர்ட். ஜூன் 12 இறங்கினாங்க. ஸ்டிக்கர்ல C, அப்புறம் 01, அப்புறம் 60ன்னு இருக்கு. தேதி ஜூன் 10ல இருந்து ஆகஸ்ட் 23.

இன்னொன்னு. இந்த மாசம், ஜூலை 18ல இருந்து அஞ்சு நாள் எல்லாரும் லண்டன் போறோம், அவங்களுக்கு யுகே விசா வாங்கியாச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதானே?

சுங்கச்சாவடி | மாலை 6.33
முக்கியமான செய்தியை "இன்னொன்னு" என்று கடைசியில் வைக்கிறார்கள்.

கறிவேப்பிலை | மாலை 6.44
சம்பந்தம் இருக்குங்க. டிக்கெட் தேதியை விட இதுதான் பெரிய சிக்கல்.

முதல்ல தேதி. ஜூன் 12 முதல் நாள். ஜூன் முடியும்போது 19, ஜூலை முடியும்போது 50, ஆகஸ்ட் 10 அறுபதாவது நாள். அன்னிக்கு ராத்திரி 12 மணிக்குள்ள அவங்க ஷெங்கன் எல்லையைத் தாண்டியிருக்கணும். ஆகஸ்ட் 20ன்னா 70 நாள், அதாவது பத்து நாள் அத்துமீறல்.

இப்ப லண்டன். 01ன்னா ஒரே ஒரு நுழைவு. ஜூன் 12ல அது செலவாயிடுச்சு. பிரிட்டன் ஷெங்கன்ல இல்ல, அதனால 18ஆம் தேதி முனிக் ஏர்போர்ட்ல வெளிய போறது பதிவானதும் அந்த விசாவோட வேலை முடிஞ்சது. மிச்சம் எத்தனை நாள் இருந்தாலும் திரும்ப உள்ள வர முடியாது. முனிக் வரைக்கும் வந்து மாட்டுறதுகூட நடக்காது, லண்டன் செக்-இன் கவுன்டர்லயே நிறுத்திடுவாங்க. விசா இல்லாதவரை ஏத்திக்கிட்டு வந்தா ஏர்லைன்ஸுக்கு அபராதம், திருப்பிக் கூட்டிட்டுப் போற செலவும் அவங்களோடது. அதனால கவுன்டர்ல இருக்கிறவங்க அந்த எண்ணைத்தான் முதல்ல பாப்பாங்க. பெட்டி முனிக்ல இருக்கும், அவங்க லண்டன்ல இருப்பாங்க.

பெட்டிபடுக்கை | மாலை 6.50
எட்டியாஸ் (ஐரோப்பாவுக்கான ஆன்லைன் பயண அனுமதி) போட்டுக்கலாமே, 20 யூரோதான்? இல்லன்னா லண்டன்லயே புதுசா ஷெங்கன் விசா போடலாம்.

கறிவேப்பிலை | மாலை 6.55
எட்டியாஸ் விசா தேவைப்படாத நாட்டுக்காரங்களுக்கு உண்டானது. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஷெங்கன் விசாவை வசிக்கிற நாட்டுல இருக்கிற தூதரகத்துலதான் போடணும், சுற்றுலா வந்த இடத்துல போட வலுவான காரணம் காட்டணும். பரிசீலனைக்கு 15 நாள்ங்கிறது பொது விதி, அதிகபட்சம் 45. அஞ்சு நாள் லண்டன் பயணத்துல அது நடக்காது.

பெட்டிபடுக்கை | மாலை 7.03
அப்ப லண்டனை விட்டுட்டு சுவிஸ் போய்ட்டு வரட்டும். அது ஐரோப்பிய ஒன்றியத்துல இல்ல, அங்க போய்ட்டு வந்தா 60 நாள் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கும்.

லிம்மாத் | மாலை 7.10
ஐயோ, இதை நம்பி ஒருத்தரும் இங்க வந்திடாதேங்கோ. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லை, ஆனால் ஷெங்கனுக்குள்ள இருக்கு, 2008 டிசம்பரிலயிருந்து. முனிக்கிலயிருந்து சூரிச் வந்தால் அது வெளியேறினதா கணக்கில்லை. 60 நாள் தன்பாட்டில ஓடிக்கொண்டே இருக்கும்.

பெட்டிபடுக்கை | மாலை 7.14
எல்லையில யூனிபார்ம் போட்டு நிக்கிறாங்களே, அப்ப அவங்க யாரு? எல்லை இல்லன்னா எதுக்கு நிக்கணும்?

லிம்மாத் | மாலை 7.22
அது சுங்கம். சுவிஸ் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில இல்லாதபடியால் இறைச்சி, மதுபானம், சாமான் எல்லாம் பார்ப்பினம். போற வாற ஆளின்ர நாளை எண்ணுறது அவையின்ர வேலை இல்லை.

சுங்கச்சாவடி | மாலை 7.26
அரைகுறை. ஜெர்மன் பக்கம் நிற்பது சுங்கம் மட்டுமல்ல. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை தொடங்கியது. ரயிலில் ஏறி பாஸ்போர்ட் கேட்பார்கள்.

லிம்மாத் | மாலை 7.31
நான் சுவிஸ் பக்கத்தைச் சொன்னன் அண்ணை. நீங்கள் ஜெர்மன் பக்கத்தைச் சொல்லுறியள். இரண்டிலயும் புது நுழைவு எண்டு ஒண்டும் பதிவாகாது, அதுதான் இங்க விசயம்.

சுங்கச்சாவடி | மாலை 7.35
பக்கத்தை முதலிலேயே தெளிவாக எழுதியிருக்கலாம்.

கறிவேப்பிலை | மாலை 7.38
ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான், விடுங்க. இசார்கரைக்கு இதுல தேவையானது இவ்வளவுதான்: பெரியவங்களை ஆஸ்திரியா, சுவிஸ் எங்க கூட்டிட்டுப் போனாலும் பாஸ்போர்ட் கையில இருக்கணும், மொபைல்ல இருக்கிற போட்டோ போதாது.

பெட்டிபடுக்கை | மாலை 7.46
டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கி பத்து நாள் நீட்டிச்சுக்கலாமே? நிறைய பேர் பண்றாங்க.

சுங்கச்சாவடி | மாலை 7.58
பண்ணுகிறவர்கள் பண்ணட்டும், இங்கே எழுதாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விசா சட்டத்தொகுப்பின் 33ஆம் பிரிவு நீட்டிப்புக்கு மூன்று காரணங்களை வைத்திருக்கிறது: தன் கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு, மனிதாபிமானக் காரணம், கடுமையான தனிப்பட்ட காரணம். முதல் இரண்டுக்கும் கட்டணம் இல்லை, மூன்றாவதற்கு 30 யூரோ. விமானம் ரத்தானது, மருத்துவமனையில் படுத்தது போன்றவை எடுபடும். பேத்தியின் பிறந்தநாள் எடுபடாது. 60 நாள் முடிவதற்குள் முனிக் கேவிஆரில் (வெளிநாட்டவர் அலுவலகம் இருக்கும் நகர நிர்வாகத் துறை) விண்ணப்பித்திருக்க வேண்டும், நீட்டித்த நாள்களுக்கும் இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் அது தனிக் குற்றம்.

பத்து நாள்தானே என்று நினைப்பவர்களுக்கு: ஜெர்மன் தங்கல் சட்டத்தின் 95ஆம் பிரிவில் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம், கவனக்குறைவாக நடந்தால் 98ஆம் பிரிவில் அபராதம். விமான நிலையத்தில் கூட்டாட்சிக் காவல்துறை வழக்குப் பதிந்துவிட்டு அனுப்பும், நுழைவுத் தடையும் வரலாம். இப்போது முத்திரையைப் புரட்டி நாள் எண்ணும் வேலையும் இல்லை. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய ஈஈஎஸ் முறையில் நுழைவும் வெளியேற்றமும் கணினியில் ஏறுகின்றன. அதிகாரி கவனிக்காமல் விட்டாலும் கணினி விடாது.

கறிவேப்பிலை | இரவு 8.05
இதோட ஒண்ணு சேத்துக்குறேன். இந்தியாவில வசிக்கிற இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல்ல ஐரோப்பிய ஆணையம் விதியைத் தளர்த்திச்சு. மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசா வாங்கி ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா அடுத்தது ரெண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி, அதுக்கப்புறம் பாஸ்போர்ட்ல காலம் இருந்தா அஞ்சு வருஷம். பேத்தியைப் பாக்க வருஷா வருஷம் வரப்போற பெரியவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! பத்து நாள் ஆசைப்பட்டா அந்த "ஒழுங்கா"ங்கிற நிபந்தனை அடிபட்டுப் போயிடும். ஃபார்மல் ஆப்ளிகேஷன் லெட்டர் (வர்றவங்க செலவுக்கு நான் பொறுப்புன்னு ஜெர்மன் அலுவலகத்துல எழுதிக் குடுக்குறது) குடுத்திருந்தீங்கன்னா மருத்துவச் செலவுலருந்து திருப்பி அனுப்புற செலவு வரைக்கும் உங்க தலையில, அஞ்சு வருஷத்துக்கு.

இசார்கரை | இரவு 8.12
இப்ப என்னதான் பண்றது? லண்டன் ஹோட்டல் புக் பண்ணியாச்சு.

கறிவேப்பிலை | இரவு 8.30
லண்டனைக் கடைசிக்குத் தள்ளுங்க. ஆகஸ்ட் 8 போல முனிக்லருந்து லண்டன், அங்கருந்து நேரா சென்னை. 10ஆம் தேதி விமானம் எடுக்காதீங்க, அன்னிக்கு ரத்தானா அடுத்த நாளே அத்துமீறல். யுகே விசிட் விசாவுல ஒரு தடவைக்கு ஆறு மாசம் வரை தங்கலாம், அதனால பிறந்தநாளை அங்கயே 18ஆம் தேதி கொண்டாடிட்டு 20ல ஊருக்கு அனுப்பலாம். யுகே விசா அதுவரைக்கும் செல்லுபடியாகுதான்னு மட்டும் பாருங்க. உங்களுக்கும் பாப்பாவுக்கும் அந்தத் தேதிக்கு அனுமதி வேணும்: பாப்பா ஜெர்மன் பாஸ்போர்ட்னா யுகே ஈடிஏ (ஆன்லைன் பயண அனுமதி), இந்தியன் பாஸ்போர்ட்னா விசா.

டிக்கெட்ல ஒரு நுணுக்கம். ஏர்லைன்ஸ் சலுகை அநேகமா தேதிக்கு மட்டும்தான் இருக்கும், புறப்படுற ஊருக்கு இருக்காது. முனிக்கை லண்டனா மாத்தச் சொன்னா கட்டண வித்தியாசம் கேப்பாங்க. அந்தத் தொகையையும் தனியா லண்டன்–சென்னை ஒருவழி டிக்கெட் விலையையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு முடிவெடுங்க. ரிட்டர்ன் பாதியைப் பயன்படுத்தாம விடுறதால பொதுவா அபராதம் கிடையாது, ஆனா விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி ரத்து பண்ணினா வரியாவது திரும்ப வரும்.

லிம்மாத் | இரவு 8.41
லண்டனிலயிருந்து போகேக்க பிராங்க்பர்ட், பாரிஸ் வழியா மாறுற டிக்கெட் எடுக்காதேங்கோ. கையில இருக்கிற ஷெங்கன் விசா முடிஞ்ச விசா, டிரான்சிட் விதி ஒவ்வொரு நாட்டிலயும் ஒவ்வொரு மாதிரி. நேர் விமானம், இல்லாட்டி வளைகுடா வழி. இலங்கை பாஸ்போர்ட்காரர் இதை வாசிச்சால்: விமான நிலைய டிரான்சிட் விசா கேக்கிற பொதுப் பட்டியலில எங்கட நாடு இருக்கு, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் பொருந்தும்.

பாலிசியில "ஷெங்கன் மட்டும்" எண்டு போட்டிருந்தால் லண்டனில அது வேலை செய்யாது. அதையும் பாருங்கோ.

பெட்டிபடுக்கை | இரவு 8.50
விண்ணப்பம் போடும்போதே மல்டிபிள்னு டிக் பண்ணியிருந்தா இவ்வளவு பாடே இல்ல.

சுங்கச்சாவடி | இரவு 8.57
டிக் செய்தால் கிடைத்துவிடாது. லண்டன் முன்பதிவையும் யுகே விசாவையும் விண்ணப்பத்தோடு இணைத்து, இரண்டாவது நுழைவு ஏன் தேவை என்று முகப்புக் கடிதத்தில் தேதியோடு எழுத வேண்டும். அப்போதும் முடிவு தூதரகத்தின் கையில்தான்.

இசார்கரை | இரவு 11.38
சலுகையை எடுக்கல. ஜூலை லண்டன் ஹோட்டலை கேன்சல் பண்ணிட்டேன், ஆகஸ்ட் 8க்கு முனிக்–லண்டன் போட்டாச்சு. 20ஆம் தேதி லண்டன்–சென்னை நேர் விமானம். பாப்பா ஜெர்மன் பாஸ்போர்ட்தான். நன்றி.

கறிவேப்பிலை | இரவு 11.45
இன்சூரன்ஸ் லண்டனுக்கும் இருக்கா? 20 வரைக்கும் இருக்கா?

கொள்ளிடம் | மறுநாள் காலை 7.15
இதே மாதிரி எங்க மாமியாருக்கும் ஒரு சந்தேகம். பிரான்ஸ் விசா, செப்டம்பர் 30 வரைக்கும் இருக்கு. அக்டோபர் 2ல டிக்கெட் போடலாமா?

சுங்கச்சாவடி | மறுநாள் காலை 7.21
தேடல் பெட்டி மேலே இருக்கிறது.