தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு: அலர்ஜியா?

கயல்அம்மா:
மகளுக்கு ஒன்றேகால் வயது. போன வாரம் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசி போட்டோம். அன்றைக்கு அழுததோடு சரி, மறுநாளே வீட்டை இரண்டாக்கினாள். நேற்று ராத்திரி திடீரென்று உடம்பு கொதித்தது, 101 டிகிரி. காலையில் சட்டையைக் கழற்றினால் காதுக்குப் பின்னால், நெஞ்சில், முதுகில் எல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். தடவினால் லேசாகச் சொரசொரக்கிறது. சொறியவில்லை, ஆனால் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். இவளுக்கு முட்டை ஆகாது; முதல்முறை கொடுத்தபோதே வாயைச் சுற்றித் தடித்துவிட்டது. இந்த ஊசியில் முட்டை இருக்கிறதாமே? "இனி எந்த ஊசியும் போடாதே" என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். யார் வீட்டிலாவது இப்படி ஆகியிருக்கிறதா?

இரட்டையர்அப்பா:
எங்கள் வீட்டில் ஆகியிருக்கிறது. ஒரே நாள், ஒரே ஊசி. மூத்தவனுக்கு ஒரு வாரம் கழித்து இதே மாதிரி வந்தது, இளையவனுக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு நாளில் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. இங்கே படம் போட்டுக் கேட்காதீர்கள், போனில் எடுத்தால் எல்லாத் தடிப்பும் ஒரே சிவப்புதான்.

வார்டுசெவிலி:
குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். கயல்அம்மா, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். ஊசியில் உள்ள ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது அதற்குத்தான். மூச்சுத் திணறும் அளவுக்குப் போவது சுமார் 10 லட்சம் ஊசிக்கு ஒன்று.

எம்.எம்.ஆரில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது உள்ளே பெருகி, உடம்பு அதை எதிர்க்கத் தொடங்க ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். காய்ச்சலும் இந்தப் பொடிப்பும் எட்டிப் பார்ப்பது அப்போதுதான். ஊசி போட்ட 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்குத் தடிப்பு வருகிறது. பார்க்கத் தட்டம்மை மாதிரி இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒட்டாது.

முட்டை விஷயம்: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வைரஸ்களைக் கோழிக்கருவின் செல்களில் வளர்க்கிறார்கள், அந்தப் பேச்சு அங்கிருந்து கிளம்பியது. அலர்ஜியைக் கிளப்பும் அளவுக்கு முட்டைப் புரதம் அதில் மிஞ்சுவதில்லை. முட்டை ஆகாத குழந்தைகளுக்கும் இதை வழக்கம்போலத்தான் போடுகிறோம். ஊசியில் இருக்கும் ஜெலட்டினோ, நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தோ கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மட்டும் போடும் முன் சொல்ல வேண்டும்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகள் மேல் வைத்து அழுத்துங்கள். மங்கினால் சரி. மங்காமல் சிவப்பாகவோ ஊதாவாகவோ நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இந்த ஊசிக்குப் பிறகு மிக அரிதாக, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்தும் அப்படி வருவதுண்டு.

மழைத்துளி:
என் மகனுக்கு வந்தது வேறு மாதிரி. ஊசி போட்ட மறுநாள் திட்டுத்திட்டாக வீங்கி, ஒரே அரிப்பு. தொடையில் இருந்தது மறைந்து கொஞ்ச நேரத்தில் கையில் கிளம்பும். டாக்டர் ஊசியைப் பற்றிக் கேட்கும் முன்பே சளி இருந்ததா என்று கேட்டார். இருந்தது! இந்த வயதில் இப்படித் திடீரென்று தடிப்பதற்குச் சாதாரண வைரஸ் தொற்றுதான் பெரும்பாலும் காரணமாம். அடுத்த ஊசியை அலர்ஜி டாக்டர் முன்னிலையில் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் டாக்டரிடம் போவதற்குள் தடிப்பு மறைந்துவிடலாம், படம் எடுத்து வையுங்கள். கொடுத்த மருந்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கயல்அம்மா:
அழுத்திப் பார்த்தேன், மங்குகிறது. பாதியில் தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள், அதுவே தெம்பாக இருக்கிறது. பாராசிட்டமால் கொடுக்கலாமா சிஸ்டர்?

வார்டுசெவிலி:
எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ நேரில் காட்டுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது "போன தடவை அலர்ஜி ஆனது" என்று சொல்லாதீர்கள். இத்தனாம் நாள் காய்ச்சல், இந்த மாதிரிப் புள்ளி, இத்தனை நாள் இருந்தது என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அலர்ஜி என்று அட்டையில் ஒருமுறை எழுதிவிட்டால் எடுப்பது பெரிய பாடு; அப்புறம் ஒவ்வொரு ஊசிக்கும் அக்காவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.