காரின் கதவு ரப்பர் விறைத்துவிட்டது: மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு):
வணக்கம். என்னுடையது 2008ஆம் ஆண்டுக் கார். ஆண்டு முழுவதும் அடுக்குமாடிக்குக் கீழே வெயிலில்தான் நிற்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவு ரப்பர் விறைத்துப்போய், பாலத்தில் எண்பதில் போனாலே காற்று விசிலடிக்கிறது. மழை பெய்தால் கால்விரிப்பும் நனைகிறது. நான்கு கதவுக்கும் புது ரப்பர் போடச் சொல்கிறார்கள். மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் நேரம் இது. செலவில்லாமல் மிருதுவாக்க முடியுமா?

பதில் (ஆயர் ஈத்தாம்):
வாசலின் பூசுங்கள் அண்ணே. உடனே மிருதுவாகிவிடும்.

பதில் (பட்டர்வொர்த், பட்டறைக்காரன்):
வாசலின் வேண்டவே வேண்டாம். கதவு ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயில், மழை, ஓசோன் எல்லாம் தாங்கும். வாசலின் போன்ற பெட்ரோலிய எண்ணெய்ப் பொருள்தான் அதற்கு ஆகாது. எண்ணெயைக் குடித்து உப்பும். தம்பி மிருது என்று சொல்வது அந்த உப்பலைத்தான்.

முதலில் ஒரு நோட்டை ரப்பர்மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். ஒரு ரிங்கிட் நோட்டு பிளாஸ்டிக், சும்மாவே வழுக்கும். பத்து ரிங்கிட் எடுங்கள். எங்கே பிடிப்பின்றி வருகிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது. பிறகு ரப்பரைச் சோப்புநீரில் துடைத்து உலரவிட்டு, சிலிக்கான் கிரீஸைத் துணியில் எடுத்து மெல்லியதாகத் தேயுங்கள். ஸ்பிரே என்றால் துணியில் அடித்துத் தேயுங்கள், பெயிண்டில் தெறிக்கக் கூடாது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இறுகிய ரப்பரை எந்தக் கிரீஸும் இளமையாக்காது, மேல்பரப்பு வழுவழுப்பாகும், வெடிப்பு தள்ளிப்போகும், அவ்வளவே.

கால்விரிப்பு நனைவதற்கு ரப்பர்மேல் மட்டும் பழி போடாதீர்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் உண்டு, பாருங்கள். அவை சரியாக இருந்தால், கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிரிந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. துளையில் குச்சி விட்டதும் சேற்றுநீர் கொட்டியது! நோட்டு, கதவின் பின்விளிம்பில் மட்டும் வழுக்குகிறது. ஹாஃப் கட் கடையில் (பழைய கார் உதிரிபாகம் விற்கும் கடை) ஒரு ரப்பர் வாங்கிப் போடலாமா?

பட்டறைக்காரன்:
அதுவும் உங்கள் ரப்பரின் வயதுதான், காசு வீண். பின்விளிம்பு என்றால் முதலில் கதவு வந்து பூட்டும் கார்த் தூணில் இருக்கும் பூட்டுக் கொக்கியை மார்க்கரால் சுற்றிக் கோடிட்டு, திருகைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இறுக்குங்கள். மறுபடி நோட்டை வைத்துப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் அந்த ஒரு கதவுக்கு மட்டும் புது ரப்பர் வாங்குங்கள். மற்ற மூன்றுக்கும் கிரீஸ் போதும்.